எக்ஸ்ரேயில் தெரிந்த முள்ளும் கடைத் தரையும்: ஒரு குதிகால் வலி நிகழ்வு ஆய்வு

பின்னணி

எலும்பு மருத்துவர் ஒருவரும் இயன்முறை சிகிச்சையாளனான நானும் சேர்ந்து, தென்மாவட்ட நகரம் ஒன்றில் சிறிய மையம் நடத்துகிறோம். குதிகால் வலியோடு வருபவர்கள் இல்லாத நாளே கிடையாது. அதனால்தான் இந்த நிகழ்வை எழுதுகிறேன். அபூர்வமான நோய் எதுவும் இதில் இல்லை. சாதாரண வலி ஒன்றுக்கு ஒன்பது மாதம் பிடித்தது, அதில் ஆறு வாரம் எங்கள் கவனக்குறைவால் போனது. நோயாளியின் ஒப்புதலோடு எழுதுகிறேன். அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

அவருக்கு வயது 44. மூன்று மாடி ஜவுளிக்கடை ஒன்றில் 11 ஆண்டுகளாக விற்பனைப் பெண். இரண்டாவது மாடியில் நைட்டி, இன்ஸ்கர்ட் செக்ஷன். காலை ஒன்பதரைக்குப் போனால் இரவு ஒன்பதுக்குத்தான் இறங்குவார். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு மட்டும், ஊழியர்களுக்குப் படிக்கட்டு. உயரம் 154 செ.மீ., எடை 71 கிலோ. இரண்டு பிள்ளைகள். கணவருக்கு நிலையான வருமானம் இல்லை.

வலி தொடங்கியது 2023 ஆடித் தள்ளுபடி நேரத்தில். வலது குதிகாலில் காலையில் எழுந்ததும் ஆணி ஏறியதுபோல ஒரு குத்தல், பத்துப் பதினைந்து அடி நடந்தால் குறையும். கடையில் மதியத்துக்கு மேல் மறுபடி தொடங்கும். உட்கார்ந்து எழுந்தால் முதல் அடி எப்போதும் மோசம்.

எங்களிடம் வருவதற்கு முன்

முதல் மாதம் வீட்டு வைத்தியம். செங்கல்லைச் சூடாக்கி, அதன்மேல் எருக்க இலையை அடுக்கி, குதிகாலை வைத்து ஒத்தடம். 20 நாள் விடாமல் செய்திருக்கிறார். கொடுக்கும்போது இதமாக இருந்தது, காலையில் வலி பழையபடியே இருந்தது. எங்கள் பக்கத்தில் குதிகால் வலிக்காரர்களில் பாதிப் பேர் இதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். நான் கேலி செய்வதில்லை. சூடு தசையைத் தளர்த்தும், வலியைக் கொஞ்ச நேரம் மறக்கடிக்கும். ஆனால் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்கள் இதைச் செய்யவே கூடாது. குதிகால் தோல் கொப்பளித்து, புண்ணாகி வந்த ஒருவரை நாங்கள் பார்த்திருக்கிறோம். அவருக்குச் சூடு தெரியவே இல்லை.

செப்டம்பரில் ஒரு மருத்துவமனைக்குப் போனார். எக்ஸ்ரேயில் குதிகால் எலும்பின் அடியில், முன்னோக்கி நீட்டிய சிறிய முள். “எலும்பு வளர்ந்திருக்கு” என்று சொன்னார்களாம். அந்த இரண்டு வார்த்தைதான் அடுத்த மூன்று மாதத்தை நடத்தியது. கால் ஊன்றும்போதெல்லாம் அந்த முள் உள்ளிருந்து சதையைக் குத்துகிறது என்று அவர் முழுமையாக நம்பினார். இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் 6.4 என்று வந்ததால் பருப்பு, தக்காளி, கறி எல்லாவற்றையும் நிறுத்தியிருந்தார். யூரிக் அமிலத்தால் வரும் கவுட் வலி பெரும்பாலும் கட்டைவிரல் மூட்டில், ஒரே இரவில் சிவந்து வீங்கி, போர்வை பட்டாலும் அலறும்படி வரும். காலையில் முதல் பத்து அடிக்கு மட்டும் வலித்துவிட்டு அடங்குவது அதன் குணமல்ல. நாள் முழுக்க நிற்கும் ஒரு பெண் மூன்று மாதம் பருப்பில்லாமல் சோறு தின்றதுதான் அந்தப் பரிசோதனையால் கண்ட பலன்.

அக்டோபர் நடுவில் குதிகாலில் ஸ்டீராய்டு ஊசி போட்டார்கள். நான்கு வாரம் அற்புதமாக இருந்தது என்றார். அந்த நான்கு வாரமும் தீபாவளி வியாபாரம். இரவு 11 மணி வரை நின்றிருக்கிறார். தீபாவளி நவம்பர் 12 அன்று முடிந்தது, அடுத்த வாரமே வலி முன்னைவிட அதிகமாகத் திரும்பியது. இன்னொரு ஊசி, அதற்கும் கேட்காவிட்டால் முள்ளை ராவி எடுக்கும் அறுவை சிகிச்சை என்று பேச்சு வந்தபோது பயந்துபோய், நவம்பர் கடைசியில் எங்களிடம் வந்தார்.

“அந்த முள்ள மட்டும் கரைக்கிற மாதிரி மாத்திரை இருக்கா சார்?” என்பதுதான் முதல் கேள்வி.

பரிசோதனையில் கண்டவை

நடந்து வரும்போதே ஒன்று தெரிந்தது. வலது காலில் குதிகாலை நேராக ஊன்றாமல் பாதத்தின் வெளி ஓரத்தில் எடை போட்டு நடந்தார். குறித்துக்கொண்டோம். அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை. இது பின்னால் வரும்.

குதிகால் எலும்பின் அடிப்புறத்தில், உள்பக்கமாகச் சற்று முன்னால் ஓர் இடத்தை அழுத்தினேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கால் பட்டை, அதாவது பிளாண்டார் ஃபேஷியா, எலும்பில் பிடித்திருக்கும் இடம் அது. அங்கே தொடங்கி விரல்களின் அடிவரை விசிறிபோல விரியும் கெட்டியான நார்ப்பட்டை. கட்டைவிரலை மேல்நோக்கி மடக்கினால் இந்தப் பட்டை, உருளையில் கயிறு சுற்றுவதுபோல இறுகி, பாதத்தின் உள்வளைவைத் தூக்கும். இதை 1954இல் ஹிக்ஸ் என்பவர் விளக்கினார். நிற்கவைத்துக் கட்டைவிரலை மடக்கியபோது அதே இடத்தில் வலித்தது. வளைவும் ஒழுங்காக எழுந்தது. பட்டை அறுந்துபோகவில்லை என்பதற்கு அது ஓர் அடையாளம். ஊசிக்குப் பிறகு பட்டை அறுவது அரிதாக நடக்கும் என்பதால் உள்ளங்காலில் பள்ளமோ கன்றலோ இருக்கிறதா என்று தடவியும் பார்த்தோம். இல்லை.

அடுத்து கெண்டைக்கால். சுவருக்கு எதிரே நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையில், கட்டைவிரலுக்கும் சுவருக்கும் இடைவெளி இடதில் 9 செ.மீ., வலதில் 4. படுக்கவைத்துப் பார்த்தால், முழங்காலை நீட்டியபோது கணுக்கால் மேலே மடங்க மறுத்தது, முழங்காலை மடக்கினால் தாராளமாக மடங்கியது. முழங்காலைத் தாண்டிப் போகும் மேல் கெண்டைத் தசைதான் இறுகியிருக்கிறது என்று அர்த்தம். ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னபோது இடதில் 17 முறை முடிந்தது. வலதில் ஆறாவதோடு நின்றுவிட்டார்.

காலையில் முதல் அடியின் வலிக்குப் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டதற்கு 8 என்றார்.

வேறு எதுவாக இருக்கலாம்

குதிகாலில் வலிப்பதெல்லாம் பட்டை வலி ஆகாது. குதிகால் எலும்பை இரு பக்கமும் உள்ளங்கையால் நெரித்தோம், வலிக்கவில்லை. நெரித்தால் வலித்திருந்தால், நின்று நின்று எலும்பில் விழும் நுண்விரிசலைச் சந்தேகித்திருப்போம். கணுக்காலின் உள்பக்க எலும்புக்குப் பின்னால் தட்டிப் பார்த்தோம். உள்ளங்காலுக்கு மின்சாரம் ஓடுவதுபோல எதுவும் இல்லை, எரிச்சலோ மரமரப்போ இல்லை. ஆகவே நரம்பு நெரிபடவில்லை என்று கொண்டோம். காலையில் முதுகு அரை மணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடக்கிறதா, இரண்டு குதிகாலும் வலிக்கிறதா, கண் சிவந்து வலித்ததுண்டா என்று கேட்டோம். முதுகெலும்பு மூட்டுவாதம் சிலருக்குக் குதிகால் வழியாகத்தான் முதலில் தலைகாட்டும். இவருக்கு அப்படி எதுவும் இல்லை.

10 கிராம் நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில் உணர்வு எல்லா இடத்திலும் சரியாக இருந்தது. பாதத்தின் மேலும் கணுக்காலின் உள்பக்கத்திலும் நாடித்துடிப்பு நன்றாகக் கிடைத்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை (HbA1c) 6.1 சதவீதம். சர்க்கரை நோய் இல்லை, ஆனால் வாசலில் நிற்கிறது. இன்னொரு ஸ்டீராய்டு ஊசி வேண்டாம் என்று மருத்துவர் முடிவெடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஊசிக்குப் பிறகு சில நாட்கள் சர்க்கரை ஏறும், அது தற்காலிகம்தான். ஆனால் திரும்பத் திரும்பப் போட்டால் குதிகாலின் கொழுப்பு மெத்தை மெலியும், பட்டை அறுவதற்கும் வாய்ப்பு கூடும். பதினொரு மணி நேரம் நிற்பவருக்கு அந்த மெத்தைதான் சொத்து.

அந்த முள்? வலியே இல்லாத எத்தனையோ பேரின் எக்ஸ்ரேயில் அது இருக்கும். அவருடைய இரண்டு காலையும் சேர்த்து எடுத்த படத்தை நீட்டி, “இடது கால்லயும் முள் இருக்கு பாருங்க அக்கா. அது ஏன் வலிக்கல?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குச் செய்த சிகிச்சைகளிலேயே உருப்படியானது அந்தக் கேள்விதான் என்று இப்போது தோன்றுகிறது.

முதல் திட்டம்

அளவுக்கு மீறிய சுமையால் பட்டை பழுதாகியிருக்கிறது. இதற்கு வைத்திருக்கும் ஆங்கிலப் பெயர், பிளாண்டார் ஃபேஷியைடிஸ், அழற்சியைச் சுட்டுகிறது. ஆனால் அறுவை சிகிச்சையில் எடுத்த 50 பேரின் திசுக்களை ஆராய்ந்து 2003இல் அமெரிக்காவில் வெளியான கட்டுரை, அழற்சியைவிட நார்களின் சிதைவையே கண்டதாகச் சொன்னது. சிதைந்த நார் மாத்திரையால் சேராது. சுமையைக் குறைக்க வேண்டும், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தாங்கப் பழக்க வேண்டும். பெரும்பாலானவர்களுக்கு ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலே சரியாகிறது. இதை அவரிடமும் சொன்னோம்.

கொடுத்தவை நான்கு. படுக்கையை விட்டு இறங்குமுன் வலது காலை இடது தொடைமேல் போட்டு, விரல்களைக் கையால் மேலே இழுத்துப் பத்து எண்ணும்வரை பிடிப்பது, பத்து முறை. இரவில் பாதம் கீழ்நோக்கிச் சாய்ந்தே கிடப்பதால் பட்டை சுருங்கி ஓய்ந்திருக்கும். முதல் அடியில் அது திடீரென்று இழுபடுவதுதான் அந்த ஆணிக் குத்தல் என்பதால், நடப்பதற்கு முன்பே கையால் மெல்ல இழுத்துவிடுகிறோம். அடுத்தது சுவரைப் பிடித்துக் கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி, காலையும் இரவும். மூன்றாவது, உறையவைத்த தண்ணீர் பாட்டிலை உள்ளங்காலில் உருட்டுவது. நான்காவது எம்.சி.ஆர். செருப்பு.

எம்.சி.ஆர். என்பது நுண்ணறை ரப்பர். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணாகாமல் காக்க நம் வேலூர், கரிகிரி பக்கத்திலெல்லாம் பல ஆண்டுகள் புழங்கி, பிறகு சர்க்கரை நோயாளிகளுக்கும் வந்த செருப்பு. விரலால் அழுத்தினால் அமுங்கி எழும். அழகாக இருக்காது. அவர் முகத்தைச் சுளித்தாலும் வாங்கிக்கொண்டார்.

ஆறாவது வாரம்: எங்கே தவறினோம்

ஜனவரி முதல் வாரம், பொங்கல் வியாபாரத்துக்கு முன்பாக வந்தார். முதல் அடி வலி 7. ஆறு வாரத்தில் ஒரே ஒரு புள்ளி.

பயிற்சிகளை ஒழுங்காகச் செய்யவில்லை என்று எழுதிவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது சுலபம். நானும் கிட்டத்தட்ட அதைத்தான் செய்யவிருந்தேன். செருப்பின் அடிப்பாகத்தைப் பார்க்கலாம் என்று புரட்டினேன். ஆறு வாரம் உழைத்த செருப்பு மாதிரியே இல்லை. தினமும் போடுகிறீர்களா என்றேன்.

“போடாம எப்படி சார், பஸ் ஸ்டாண்டுக்குப் போகையில வரையில போடுறேன். கடைக்குள்ள செருப்புப் போடக் கூடாதுல்ல.”

கடைக்குள்ளே செருப்பு இல்லை. பதினொரு மணி நேரம் கிரானைட் தரையில் வெறுங்கால். வாடிக்கையாளர்களும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். நானே அப்படிக் கழற்றிவிட்டு எத்தனை முறை ஜவுளி எடுத்திருக்கிறேன்! ஆனாலும் செருப்பை எழுதிக் கொடுக்கும்போது இது நினைவுக்கு வரவில்லை. நாங்கள் கொடுத்த செருப்பு ஒரு நாளில் 40 நிமிடம் மட்டுமே அவர் காலில் இருந்தது.

அப்புறம் ஒவ்வொன்றாகக் கேட்டேன். காலை நீட்டல் பயிற்சி வாரத்தில் இரண்டு நாள்தான். காரணம், அவர் எழுவது 4:45க்கு. தெருக்குழாயில் தண்ணீர் வரும் நாள் என்றால் கண் விழித்த நொடியே குடத்தோடு ஓட வேண்டும். பாட்டில் உருட்டல் செய்யவே இல்லை, வீட்டில் ஃப்ரிட்ஜ் கிடையாது. இதையும் நாங்கள் கேட்டிருக்கவில்லை. இரவுப் பயிற்சி மட்டும் ஓரளவு நடந்திருக்கிறது.

இரண்டாம் திட்டம்

நீட்டல் மட்டும் போதாது, பட்டைக்குச் சுமை தாங்கும் பயிற்சியும் வேண்டும் என்று முடிவு செய்தோம். டென்மார்க்கில் நடந்து 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வில், விரல்களுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்துக் குதிகாலைத் தூக்கி இறக்கியவர்கள், நீட்டல் மட்டும் செய்தவர்களைவிட மூன்றாம் மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். ஓராண்டில் இரு தரப்பும் ஏறக்குறைய சமம்தான். சீக்கிரம் குறைய வேண்டும் என்பதும், ஒரு நாள் விட்டு ஒரு நாள் செய்தால் போதும் என்பதும் இவருக்குப் பொருந்தின. தினமும் மூன்று வேளை என்பதைவிட, வாரத்துக்கு மூன்று நான்கு நாள் என்றால் இவரால் முடியும்.

எங்கே செய்வது என்பதை இம்முறை அவரையே சொல்லச் சொன்னோம். வீட்டு வாசல்படி, பக்கத்தில் பிடித்துக்கொள்ளத் தூண். இரவு கடையிலிருந்து வந்ததும், குளிப்பதற்கு முன். பழைய இன்ஸ்கர்ட் ஒன்றைச் சுருட்டி விரல்களுக்கு அடியில் வைத்துக்கொள்வார். மூன்று எண்ணி ஏறி, இரண்டு எண்ணி நின்று, மூன்று எண்ணி இறங்க வேண்டும். முதல் இரண்டு வாரம் 12 முறை, மூன்று சுற்று. பிறகு தோளில் பையை மாட்டி அதில் அரிசிப் பொட்டலம் வைத்து 10 முறை, நான்கு சுற்று. அதற்கப்புறம் எடையைக் கூட்டி 8 முறை, ஐந்து சுற்று. செய்யும்போது வலி பத்துக்கு 4, 5 வரை போகலாம், மறுநாள் காலை வழக்கத்தைவிட அதிகமாக இருந்தால் எடையைக் குறைக்க வேண்டும் என்று கணக்கு வைத்தோம். முதலில் இரண்டு காலாலும் ஏறினார். ஒற்றைக் காலுக்கு வர மூன்று வாரம் ஆனது.

காலை நீட்டலை விடவில்லை, ஆனால் பத்து முறையை மூன்றாகக் குறைத்தோம். அரை நிமிடம். தண்ணீர் நாளிலும் அது நடந்தது.

கடைத் தரை

மிச்சமிருந்தது அந்தப் பதினொரு மணி நேரம்.

கடைக்குள் மட்டும் போட ஒரு தனிச் செருப்பு வைத்துக்கொள்ளலாமே என்று கேட்டதற்கு, சூப்பர்வைசரைவிட அவரே அதிகம் தயங்கினார். கல்லாவுக்குப் பின்னால் சாமி படம் இருக்கிறது, துணியும் லட்சுமி, அங்கே செருப்புக் காலோடு நிற்க மனசு வராது என்றார். அது அவருடைய நம்பிக்கை, அதோடு வாதாட எனக்கு வேலையில்லை. ஜெல் பதித்த குதிகால் உறை மருந்துக்கடையில் கிடைக்கிறது. அதை மாட்டி, மேலே அடியில் ரப்பர்ப் புள்ளி வைத்த சாக்ஸ் போட்டுக்கொள்ளச் சொன்னோம். வெறும் சாக்ஸ் கிரானைட்டில் வழுக்கும். சாக்ஸுக்குக் கடையில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

உட்காருவதுதான் கடினமாக இருந்தது. தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021இல் 22-அ என்ற பிரிவு சேர்க்கப்பட்டது. எல்லா ஊழியர்களுக்கும் தகுந்த இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்பு கிடைத்தால் உட்கார்ந்துகொள்ளலாம், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்க வேண்டியதில்லை என்பது அதன் சாரம். கேரளம் 2018லேயே இதைக் கொண்டுவந்திருந்தது, கோழிக்கோட்டுக் கடைப் பெண்கள் போராடிப் பெற்றது அது. அவர் செக்ஷனில் ஸ்டூல் இருந்தது. அதன்மேல் அட்டைப்பெட்டிகள் இருந்தன. உட்கார்ந்தால் கேமராவில் தெரியும், கீழேயிருந்து ஆள் வரும் என்றார்.

சட்டத்தைக் காட்டிக் கடிதம் எழுதட்டுமா என்று கேட்டேன். வேண்டவே வேண்டாம் என்றார். “நீங்க எழுதிக் குடுத்துட்டுப் போயிருவீங்க சார், நாளைக்கு நான்தான அங்க நிக்கணும்?” அதில் எனக்கு மறுப்பில்லை. சட்டத்தின் பெயரே இல்லாமல், ‘பாத நோய்க்கு சிகிச்சையில் இருக்கிறார், மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், மூன்று மாதத்துக்கு’ என்று மருத்துவர் கையெழுத்தில் நாலு வரி கொடுத்தோம். அதை அவர் பத்து நாள் கைப்பையிலேயே வைத்திருந்து, பொங்கல் கூட்டம் முடிந்து முதலாளியின் வீட்டம்மா கடைக்கு வந்த ஒரு நாளில் கொடுத்திருக்கிறார். அனுமதி கிடைத்தது, கூட்டம் இல்லாத நேரத்தில் மட்டும்.

ஆனால் தரைக்கான தீர்வு எங்களிடமிருந்து வரவில்லை. அவருடைய அண்ணன் வீட்டில் மாட்டுக் கொட்டகைக்கு வாங்கிப் போட்ட ரப்பர் பாயில் ஒரு துண்டு மீந்திருக்கிறது. மூன்றடிக்கு இரண்டடி வெட்டி, கழுவி, கவுண்டருக்குப் பின்னால் போட்டுவிட்டார். மாடு கல்தரையில் நின்றால் குளம்பும் காலும் கெடும் என்று வாங்கியது. எங்கள் செருப்பு பஸ் ஸ்டாண்டோடு நின்றது, அந்தப் பாய் அவர் நிற்கும் இடத்தில் கிடந்தது.

நடுவில் ஒரு பிசகு

பிப்ரவரி கடைசியில் ஃபோன் வந்தது. “கரண்டை பிசகிருச்சு சார்.” பஸ் முழுதாக நிற்கும் முன் இறங்கி, வலது கால் உள்பக்கமாக மடங்கியிருக்கிறது. மறுநாள் காலை வந்தபோது கணுக்காலின் வெளிப்பக்க எலும்புக்கு முன்னால் கோழிமுட்டை அளவு வீக்கம். உறவினர்கள் கட்டுப் போடும் இடத்துக்கு அழைத்துப்போகத் தயாராக இருந்தார்கள், இன்னொருவர் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும் என்றார்.

இதற்குக் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட எளிய விதிகள் இருக்கின்றன. கணுக்காலின் இருபக்க எலும்புகளில் கீழ் 6 செ.மீ. நீளத்துக்குப் பின்விளிம்பிலோ நுனியிலோ அழுத்தினால் வலிக்கிறதா, அடிபட்ட உடனும் இப்போதும் நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லையா என்று பார்க்க வேண்டும். நடுப்பாதத்தில் வலி என்றால், சுண்டுவிரல் பக்க எலும்பின் அடிப்பகுதியையும் உள்பக்கப் படகெலும்பையும் அழுத்திப் பார்க்க வேண்டும். எதுவும் இல்லையென்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு. இவர் நேற்றே ஆட்டோ வரை நடந்திருக்கிறார், இன்று நொண்டி நொண்டி நான்கு அடி வைத்தார். வலி எலும்பில் இல்லை, அதற்கு முன்னாலிருக்கும் தசைநாரில்தான். எக்ஸ்ரே எடுக்கவில்லை.

முதல் இரண்டு நாள் எலாஸ்டிக் கட்டு, காலை உயர்த்தி வைப்பது. மூன்றாம் நாளிலிருந்து அசைவு. அ முதல் ஃ வரை காற்றில் காலால் எழுதச் சொன்னோம், எழுதிக்கொண்டே சிரித்தார். ஐந்தாம் நாள் வீக்கம் வடிந்த பிறகு கணுக்காலை முன்பக்கம் இழுத்துப் பார்த்ததில் தசைநார் முழுதாக அறுந்ததற்கான தளர்வு இல்லை. பாத்திரம் விளக்கும்போது ஒற்றைக் காலில் நிற்கும் பயிற்சி, பக்கவாட்டுக் காப்போடு நடை. நான்கு நாள் விடுப்பு, நான்கு நாள் சம்பளம் பிடித்தம். குதிகால் தூக்கும் பயிற்சி இரண்டு வாரம் நின்றது.

இது வெறும் துரதிர்ஷ்டம்தானா என்று தெரியாது. முதல் நாளே பார்த்தோமே, குதிகாலைக் காப்பாற்ற வெளி ஓரத்தில் ஊன்றும் அந்த நடை. அந்தப் பழக்கம் ஊறிய கால் பஸ் படியிலிருந்து இறங்கும்போது உள்நோக்கி மடங்குவது எளிது. வலி குறையும்போது நடை தானாகத் திரும்பிவிடும் என்று நாங்கள் விட்டுவிட்டோம்.

விளைவு

பயிற்சியின் 12 வாரமும் ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் முடிந்தன. முதல் அடி வலி 8இலிருந்து 3க்கு வந்திருந்தது. சுவர்ச் சோதனையில் வலது கால் 7 செ.மீ. ஒற்றைக் காலில் குதிகால் தூக்குதல் 15. நடை நேராகியிருந்தது. பருப்பு சாப்பிடத் தொடங்கி மூன்று மாதம் ஆகியிருந்தது. எடை 69 கிலோ, இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

உண்மையான சோதனை 2024 ஆடித் தள்ளுபடி. ஆகஸ்டு நடுவில் வந்தார். காலை வலி 1. இரவு கடை மூடும் நேரத்தில் 3. ஊசி இல்லை, மாத்திரை இல்லை. ஆடிக் கூட்டத்தில் ஐந்து நிமிட உட்காரல் நடக்கவே இல்லை, பாயும் சாக்ஸும்தான் காப்பாற்றின என்றார். மீண்டும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த முள் அதே இடத்தில் அதே நீளத்தில்தான் இருந்திருக்கும்.

மாற்றிச் செய்ய வேண்டியவை

பாதம் என்று வருபவர்களின் விவரத்தாளில் இப்போது ‘தொழில்’ என்ற இடத்துக்குக் கீழே மேலும் மூன்று கேள்விகள் சேர்த்திருக்கிறோம். எந்தத் தரையில் நிற்கிறீர்கள், காலில் என்ன போட்டிருப்பீர்கள், எத்தனை மணிக்கு எழுவீர்கள். கோயில், சமையற்கூடம், நகைக்கடை, ஜவுளிக்கடை, வீட்டு வேலை என்று வெறுங்காலில் நிற்கும் தொழில்கள் நம்மிடம் ஏராளம். செருப்பு எழுதிக் கொடுக்கும் பாடப்புத்தகங்கள் ஷூ போட்டுக்கொண்டு வேலை பார்ப்பவர்களை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை.

சுமைப் பயிற்சியை முதல் நாளே தொடங்கியிருக்கலாம். ஊசி போட்டுச் சில வாரமே ஆகியிருந்ததால் தயங்கினோம். அந்தத் தயக்கம் இரண்டு வாரத்துக்கு நியாயம், ஆறு வாரத்துக்கு அல்ல. முதல் மறுபார்வையை ஆறு வாரம் தள்ளி வைத்ததும் தவறு. பத்தாம் நாளில் வரச் சொல்லியிருந்தால் புதுச் செருப்பு அப்போதே காட்டிக்கொடுத்திருக்கும். பெரிய வியாபார சீசனுக்குச் சற்று முன் வலியை மட்டும் மறைக்கும் ஊசியைப் போடுவது பற்றி எங்கள் மருத்துவர் இப்போது நோயாளியிடம் தேதியோடு பேசுகிறார்: ஊசி வேண்டுமென்றால், அடுத்த இரண்டு வாரம் நிற்கும் நேரத்தைக் குறைக்க முடியுமா என்று.

நடையைப் பார்த்தும் விட்டுவிட்டோம் என்று மேலே சொன்னேன். அதற்கான ஒற்றைக் கால் நிற்றல் இப்போது குதிகால் வலிக்காரர்களுக்கும் முதல் மாதத்திலேயே போகிறது.

கடைசியாக வந்தபோது, அதே மாடியில் சுடிதார் செக்ஷனில் நிற்கும் 26 வயதுப் பெண்ணையும் அழைத்து வந்திருந்தார். அவருக்கு இரண்டு குதிகாலிலும் வலி, காலையில் முதுகும் ஒரு மணி நேரம் இறுகிக் கிடக்கிறதாம். மூத்தவர் ஏற்கெனவே அவருக்கு இன்ஸ்கர்ட்டைச் சுருட்டிப் பயிற்சி சொல்லிக் கொடுத்துவிட்டார். நாங்கள் அதை நிறுத்தச் சொல்லவில்லை, ஆனால் இரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மூட்டுவாத மருத்துவரிடம் அனுப்பியிருக்கிறோம்.